பெங்களூரில் சிவில் எம்.டெக்.: சேரும் முன்பும் சேர்ந்த பிறகும் செய்ய வேண்டியவை

ஓசூர், தருமபுரி, சேலம் பக்கம் பி.இ. சிவில் முடித்துவிட்டு பெங்களூரில் ஓரிரு வருடம் சைட் இன்ஜினியராக வேலை பார்த்தவர்களுக்கு எம்.டெக். ஆசை வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். ஒரு கம்பியோடு அடுத்த கம்பியை ஏன் இந்த இடத்தில் ஒட்டக்கூடாது (லேப் போடக்கூடாது) என்று மேஸ்திரி கேட்டால், "டிராயிங்கில் அப்படித்தான் இருக்கிறது" என்பதைத் தாண்டிப் பதில் சொல்ல முடிவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் படிப்புகள் இருக்கின்றன. இரண்டு வருடத்தையும் பணத்தையும் வாங்கிக்கொண்டு, புறப்பட்ட இடத்திலேயே திரும்பக் கொண்டுவந்து விடும் படிப்புகளும் இருக்கின்றன. சான்றிதழை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

அதனால் எந்தக் கல்லூரியைப் பார்த்தாலும் ஒரே கேள்வியை வைத்து அளந்து பாருங்கள்: படிப்பு முடியும்போது நானே தயாரித்த எந்தெந்த வேலைத்தாள்கள் என் கையில் இருக்கும்? ஸ்ட்ரக்சுரல், அதாவது கட்டட அமைப்புப் பிரிவு என்றால் ஒரு முழுக் கட்டடத்தின் டிசைன் அறிக்கை, விவர டிராயிங், கம்பி வளைப்பு அட்டவணை. ஜியோடெக்னிக்கல், அதாவது மண், அடித்தளப் பிரிவு என்றால் நிலத்தில் துளையிட்டு எடுத்த போர்ஹோல் பதிவிலிருந்து அடித்தளப் பரிந்துரை வரை போகும் மண் ஆய்வு அறிக்கை. கட்டுமான மேலாண்மை என்றால் அளவெடுப்பு, விலைப் பகுப்பாய்வு, ஒரு வேலைத்திட்டம், அது மாதாமாதம் எப்படித் தள்ளிப்போனது என்ற பதிவு. கல்லூரி இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னால் மற்றவற்றை அடுத்துப் பார்க்கலாம்.

பெயர்க் குழப்பம்

எம்.இ., எம்.டெக். என்ற பெயர் வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகம் எம்.இ. என்கிறது, விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான வி.டி.யு. எம்.டெக். என்கிறது. உண்மையான வேறுபாடு பாடவழிப் படிப்புக்கும் ஆராய்ச்சிவழிப் படிப்புக்கும் இடையில் இருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தில் இரண்டு வகையும் உண்டு. எம்.டெக். ரிசர்ச் என்பது ஆய்வேட்டை மையமாகக் கொண்டது; பி.எச்டி. நோக்கமுள்ளவர்களுக்கு அது பொருந்தும். டிசைன் அலுவலகத்துக்கோ திட்டப் பணிக்கோ போக நினைப்பவர்கள் பாடவழி எம்.டெக்.கைப் பாருங்கள். அமெரிக்காவில் எம்.எங்., எம்.எஸ். என்று இரண்டு பெயர் இருப்பதும் ஏறக்குறைய இதே பிரிவினைதான். அங்கே எம்.எங். பெரும்பாலும் ஆய்வேடு இல்லாமல் ஓராண்டில் முடிகிறது, செலவு பெரும்பாலும் நம்முடையது.

வேலையை விடாமல் படிக்க நினைப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். முழுநேர எம்.டெக்.கில் பெயரைப் பதிந்துவிட்டு, "வருகைப்பதிவைப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாய்வார்த்தையை நம்பி வேலையைத் தொடர்பவர்கள் உண்டு. வி.டி.யு. விதிப்படி 85 விழுக்காடு வருகை வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் பின்னால் வரும். அடுத்த நிறுவனம் பின்னணி விசாரணை செய்யும்போது உங்கள் பி.எஃப். கணக்கில் மாதாமாதம் பணம் கட்டிய தேதிகள் தெரியும். அதே மாதங்களில் முழுநேர மாணவர் என்று சான்றிதழ் சொன்னால், இரண்டில் ஒன்று பொய் என்றாகிவிடும். வேலையோடு படிக்க வேண்டுமென்றால், பகுதிநேரம் என்றே அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ.யின் ஒப்புதல் பெற்ற படிப்பைத் தேடுங்கள். அது வழக்கமாக 3 ஆண்டு.

தபால்வழிப் பொறியியல் பட்டம் வேண்டவே வேண்டாம். ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் இல்லாமல் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தபால்வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்களை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கியது. பல ஆண்டு வேலை பார்த்து, பதவி உயர்வும் வாங்கியவர்கள் அதில் சிக்கினார்கள்.

நுழைவு வழிகள்

முதுநிலைப் பொறியியலுக்கான தேசிய நுழைவுத் தேர்வான கேட் தேர்வே நேரான வழி. சிவிலின் தாள் குறியீடு சி.இ. மொத்தம் 65 கேள்வி, 100 மதிப்பெண், 3 மணி நேரம். பொது அறிவுத்திறனுக்கு 15 மதிப்பெண். மீதியில் கணிதமும் ஸ்ட்ரக்சுரல், ஜியோடெக்னிக்கல், நீர்வளம், சுற்றுச்சூழல், போக்குவரத்து, ஜியோமேட்டிக்ஸ் பகுதிகளும் வரும். பல தெரிவுக் கேள்வியில் தவறானால் 1 மதிப்பெண் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கும் 2 மதிப்பெண் கேள்விக்கு மூன்றில் இரண்டும் குறையும். எண்ணை நாமே உள்ளிடும் கேள்விகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடை உள்ள கேள்விகளுக்கும் கழிவு கிடையாது. சைட்டில் இருந்து படிப்பவர்கள் இடறுவது பாடத்தில் மட்டுமல்ல. தேர்வில் திரையில் தெரியும் கால்குலேட்டரைத்தான் மவுஸால் அழுத்த வேண்டும். பழகாதவர்களுக்கு அது பத்துப் பதினைந்து நிமிடத்தைத் தின்றுவிடும். கடைசி இரண்டு மாதம் மாதிரித் தேர்வுகளை அந்தக் கால்குலேட்டரிலேயே எழுதுங்கள்.

விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பரில் திறக்கும். தேர்வு பிப்ரவரியில், முடிவு மார்ச்சில். மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். இந்திய அறிவியல் கழகம், ஐ.ஐ.டி.களுக்குத் தனித்தனியே விண்ணப்பித்துவிட்டு அவற்றின் பொதுச் சேர்க்கைத் தளமான சி.ஓ.ஏ.பி.யிலும் பதிய வேண்டும், ஏனென்றால் இடம் கொடுப்பதும் ஏற்பதும் அங்கேதான் நடக்கிறது. என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. கலந்தாய்வு. இரண்டையும் ஒன்று என்று நினைத்து ஒன்றில் மட்டும் பதிந்து, நல்ல மதிப்பெண்ணோடு இடமில்லாமல் நிற்பவர்களை ஒவ்வோராண்டும் பார்க்கிறோம்.

கர்நாடகக் கல்லூரிகளுக்கு கர்நாடகத் தேர்வு ஆணையமான கே.இ.ஏ. நடத்தும் பி.ஜி.சி.இ.டி. என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு இருக்கிறது. 1917இல் விசுவேசுவரய்யா தொடங்கிய யு.வி.சி.இ., பசவனகுடி பி.எம்.எஸ்., மைசூர் ரோடு ஆர்.வி., மத்திகெரெ எம்.எஸ். ராமையா போன்ற கல்லூரிகளை நினைப்பவர்கள் அதன் அறிவிக்கையில் முதலில் தகுதிப் பிரிவைப் படியுங்கள். அரசு இடங்களுக்கான தகுதி கர்நாடகத்தில் படித்த ஆண்டுகளைப் பொறுத்தது. அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ பிறந்து வளர்ந்த தமிழருக்கும் நேற்று ஓசூரிலிருந்து வந்தவருக்கும் விதி ஒன்றல்ல. தமிழ்நாட்டுக் கல்லூரிகளும் பட்டியலில் இருந்தால் டான்செட் என்று தேடாதீர்கள், எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கு 2023 முதல் சீட்டா-பி.ஜி. என்ற தேர்வுதான்.

சான்றிதழில் தமிழ்நாட்டு மாணவர்கள் திரும்பத் திரும்பத் தவறும் இடம் ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய கலந்தாய்வில் செல்லாது. மத்திய அரசு படிவத்தில், கிரீமிலேயர் இல்லை என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், அதுவும் நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதைத்தான் கேட்பார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், ஆனால் கையில் கிடைக்க நாளாகும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை, அதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தின் 2ஏ, 3பி போன்ற பிரிவுகள் அந்த மாநிலத்தவருக்கு மட்டும். பி.இ. படித்த பல்கலைக்கழகத்திலிருந்து மைக்ரேஷன் சான்றிதழை வாங்கி வைத்துவிடுங்கள். சேர்ந்த பிறகு அதற்காக ஒரு நாள் லீவு போட்டுச் சென்னைக்கு ஓட வேண்டியிருக்காது.

கேட் தகுதி பெற்று, ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதலுள்ள முழுநேரப் படிப்பில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை 24 மாதம் வரை கிடைக்கும். சேரும் நாளில் கேட் மதிப்பெண் செல்லுபடியாக இருக்க வேண்டும், வேறு எங்கிருந்தும் சம்பளம் வாங்கக்கூடாது, கல்லூரி உங்கள் விவரத்தைத் தளத்தில் கெடுவுக்குள் ஏற்ற வேண்டும். கடைசியைக் கல்லூரி மறந்தால் இழப்பு உங்களுக்கு. முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் யார் அதைப் பார்க்கிறார் என்று கேட்டு, பதிவு எண் வரும்வரை விடாதீர்கள்.

கல்லூரியை நேரில் பார்ப்பது

ஒரு வேலைநாளில் போங்கள். வாசல் கட்டடத்தை விட்டுவிட்டு ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். கான்கிரீட் ஆய்வகத்தில் வலிமை பார்க்க வார்க்கும் கான்கிரீட் கட்டிகளை, அதாவது கியூப்களை நசுக்கும் இயந்திரத்தில் காலிபரேஷன் ஸ்டிக்கர் எந்தத் தேதியில் ஒட்டியது? நீர்த்தொட்டியில் கியூப்கள் கிடக்கின்றனவா, அவற்றில் வார்த்த தேதி எழுதியிருக்கிறதா? மண் ஆய்வகத்தில் மண்ணின் வலிமையை அளக்கும் ட்ரையாக்சியல் கருவி பளபளப்பாக நிற்கும். அதைப் பார்த்து மயங்காமல், 38 மி.மீ. மாதிரிக்கு மாட்டும் ரப்பர் உறை எங்கே என்று கேளுங்கள். அது கிழிந்துகொண்டே இருக்கும் பொருள். புதிய உறைகள் இருப்பில் இல்லையென்றால் அந்தக் கருவியில் யாரும் சோதனை செய்வதில்லை என்று அர்த்தம்.

பிறகு கடந்த இரண்டு ஆண்டு ப்ராஜெக்ட் தலைப்புகளின் பட்டியலைக் கேளுங்கள். கல்லூரியைப் பற்றி அந்தப் பட்டியல் சொல்லும் அளவுக்கு வேறெதுவும் சொல்லாது. ஏன் என்று கீழே வருகிறது. நாக் தரம் கல்லூரி முழுவதற்கும் உரியது, என்.பி.ஏ. அங்கீகாரம் தனித்தனிப் படிப்புக்கு உரியது. ஆகவே "எங்களுக்கு என்.பி.ஏ. இருக்கிறது" என்று சொன்னால், இந்த எம்.டெக்.குக்கா, பி.இ.க்கா என்று திருப்பிக் கேளுங்கள். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014 முதல் முழு உறுப்பினர். ஆனால் அது இளநிலைப் பட்டத்துக்கானது, எம்.டெக்.கை அதன் பெயரால் விற்றால் நம்பாதீர்கள்.

ஓசூரிலிருந்து தினமும் வந்துபோகலாமா என்று பலர் கேட்கிறார்கள். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை திறந்த பிறகு சில்க் போர்டு நெரிசலைத் தாண்டுவது எளிதாகியிருக்கிறது. ஆனால் பொம்மசந்திராவிலிருந்து ஓசூருக்கு இன்னும் பஸ்தான். தெற்குப் பக்கக் கல்லூரி என்றால் சமாளிக்கலாம். மத்திகெரெ, யஷ்வந்த்பூர் பக்கம் என்றால் ரூம் எடுத்துவிடுங்கள்.

முதல் செமஸ்டர்: கையால் கணக்கு

மென்பொருளைத் திறக்கும் அவசரம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் முதல் நான்கு மாதம் தனியாக ஒரு கணக்கு நோட்டு போட்டு, அலுவலகத்தில் எழுதுவதுபோல எழுதிப் பழகுங்கள்: இடப்பக்கம் எந்த விதி எண், நடுவில் கணக்கு, வலப்பக்கம் விடை. இந்தியத் தர விதித்தொகுப்புகளில் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456, சுமைகளுக்கு ஐ.எஸ். 875, நிலநடுக்க விசைக்கு ஐ.எஸ். 1893, நிலநடுக்கத்துக்கான கம்பி விவரத்துக்கு ஐ.எஸ். 13920, அடித்தளத்துக்கு ஐ.எஸ். 1904, ஐ.எஸ். 6403, பைலுக்கு ஐ.எஸ். 2911. விதித்தொகுப்பின் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள், பதிப்பு மாறினால் எண்ணும் மாறும்.

இரண்டு கம்பிகளை ஒட்டும்போது அவை அருகருகே படியும் நீளம் கம்பி விட்டத்தைப்போல் 50 மடங்கு வேண்டும் என்று சைட்டில் எல்லாரும் சொல்லும் "50 டி லேப்" எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்தே தொடங்கலாம். எஃப்.இ. 500 தரக் கம்பியின் டிசைன் தகைவு சதுர மி.மீ.க்கு 435 நியூட்டன். எம்25 தரக் கான்கிரீட் கம்பியைப் பிடிக்கும் பிடிப்புத் தகைவு 1.4, முறுக்கு வரியுள்ள கம்பிக்கு அதை 1.6ஆல் பெருக்க 2.24. 435ஐ நான்கு மடங்கு 2.24ஆல் வகுத்தால் 48.5. அதாவது 20 மி.மீ. கம்பிக்கு 970 மி.மீ. நீளம். அதை 50ஆக்கி 1,000 மி.மீ. என்று வைத்துக்கொண்டதுதான் சைட் வழக்கு. எம்30 ஆனால் 46 மடங்கு போதும், எம்20 ஆனால் 50 போதாது, 57 வேண்டும். அந்த மேஸ்திரியிடம் இனி காரணத்தோடு பேசலாம். தூணில் ஏன் தரைமட்டத்திலேயே ஒட்டக்கூடாது என்ற கேள்விக்கும் ஐ.எஸ். 13920இல் பதில் இருக்கிறது. நிலநடுக்கத்தில் தூணின் இரு முனைகளில்தான் வளைவு உச்சத்தில் இருக்கும், அதனால் உயரத்தின் நடுப்பாதியில் மட்டும் ஒட்டச் சொல்கிறது.

இரண்டாவது பழக்கம், மென்பொருள் சொன்னதை ஐந்து நிமிடத்தில் கையால் சரிபார்ப்பது. 400 சதுர மீட்டர் பரப்பில் ஆறு மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண கான்கிரீட் சட்டகக் கட்டடத்தில் ஒரு மாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிலோநியூட்டன் என்று எடுத்தால் மொத்தம் 28,800 கிலோநியூட்டன். கட்டட டிசைன் மென்பொருளான ஈடாப்ஸ் காட்டும் அடித்தள எதிர்விசைக் கூட்டல் 18,000 என்று வந்தால், எதையோ விட்டுவிட்டீர்கள். பெங்களூரில் அது பெரும்பாலும் சுவர்தான். இங்கே 200 மி.மீ. சாலிட் பிளாக் சுவர் சகஜம். பீமுக்குக் கீழே 2.55 மீட்டர் உயரம் இருந்தால் பூச்சு சேர்க்காமலே மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் வரும். எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக் என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எது கட்டப்போகிறார்கள் என்று ஆர்க்கிடெக்டிடம் கேட்காமல் மாடலில் எண்ணைப் போடுவதுதான் பிழையின் தொடக்கம்.

அதே கட்டடத்துக்கு நிலநடுக்க விசை. ஐ.எஸ். 1893இன் 2016 பதிப்பில் பெங்களூர் நிலநடுக்க மண்டலம் 2, மண்டலக் கெழு 0.10. உச்ச நிறமாலை மதிப்பு 2.5, முக்கியத்துவக் கெழு 1, குறைப்புக் கெழு 5 என்றால் கட்டட எடையில் 2.5 விழுக்காடு, அதாவது 720 கிலோநியூட்டன். சென்னை மண்டலம் 3, அங்கே 4 விழுக்காடு. புதியவர்கள் விழும் குழி, சட்டகம் நெகிழ்ந்து தாங்கும் திறனுக்காக விசையைக் குறைத்துக்கொள்ளும் குறைப்புக் கெழுவில் இருக்கிறது. 5 என்பது ஐ.எஸ். 13920 சொன்னபடி கம்பி விவரம் அமைத்த சட்டகத்துக்கு மட்டும். மண்டலம் 2இல் அந்தத் தொகுப்பு கட்டாயமில்லை, விருப்பம். அதைப் பின்பற்றாமல் தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனையை 90 டிகிரியில் மடித்துவிட்டு, கணக்கில் மட்டும் 5 போட்டால் அது தவறு. 3தான் போட வேண்டும், விசை 1,200 ஆகிவிடும். டிசைன் அலுவலக நேர்காணலில் இதைக் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும். பீமுக்கு 0.35, தூணுக்கு 0.70 என்று விரிசல் விறைப்புக் குறைப்பைக் கொடுத்தீர்களா, 3 மீட்டர் மாடிக்குப் பக்கவாட்டு நகர்வு 12 மி.மீ.க்குள் இருக்கிறதா என்பவை அடுத்த கேள்விகள்.

இன்டர்ன்ஷிப்

பெரிய நிறுவனத்தின் பெயரைத் துரத்தி, எட்டு வாரம் ஒரு மூலையில் உட்கார்ந்து பழைய டிராயிங்குக்கு எண் போட்டுவிட்டு வருவதைவிட, பதினைந்து பேர் உள்ள டிசைன் அலுவலகம் மேல். அங்கே இரண்டாவது வாரமே ஒரு படிக்கட்டோ தண்ணீர்த் தொட்டியோ உங்கள் மேசைக்கு வந்துவிடும். விண்ணப்பத்தில் நீளமான அறிமுகம் வேண்டாம். ஒரு பக்கம் பயோடேட்டா, அதோடு உங்கள் கணக்கு நோட்டிலிருந்து சுத்தமாக எழுதிய ஒரு பீம் டிசைன், அதன் டிராயிங், கம்பி அட்டவணை. கம்பி எடைக்கு விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுக்கும் வாய்பாட்டில் 16 மி.மீ.க்கு மீட்டருக்கு 1.58 கிலோ என்று வரும் கணக்குவரை அதில் இருக்கட்டும். படிப்பவர் இரண்டு நிமிடத்தில் உங்களை எடைபோட்டுவிடுவார்.

ஜியோடெக்னிக்கல்காரர்கள் போரிங் நடக்கும் சைட்டில் முழு நாள் நில்லுங்கள். மண்ணின் கெட்டித்தன்மையை அளக்கும் சோதனையில் 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. விழுகிறதா, கயிற்றை அவசரத்தில் பாதியில் விடுகிறார்களா, முதல் 15 செ.மீ. அடியை விட்டுவிட்டு அடுத்த 30 செ.மீ. மட்டும் எண்ணுகிறார்களா என்று பாருங்கள். பெங்களூர் நிலம் செம்மண்ணுக்குக் கீழே சிதைந்த நைஸ் பாறை, அதற்குள் சிதையாமல் மிஞ்சிய உருண்டைப் பாறைகள். அப்படி ஒன்றில் தட்டியதும் "பாறை வந்துவிட்டது" என்று துளையை நிறுத்தினால், அடியில் இருக்கும் இளகிய மண் அறிக்கையில் வராது. அதனால்தான் பாறைக்குள் சில மீட்டர் துளைத்துக் கோர் எடுத்து, 10 செ.மீ.க்குக் குறையாத துண்டுகளின் விழுக்காட்டைக் கணக்கிடச் சொல்கிறார்கள். மெட்ரோ சுரங்கம் இந்த ஊரில் மெதுவாக நகர்ந்ததற்கும் ஒரே முகப்பில் மண்ணும் பாறையும் கலந்து வந்தது ஒரு காரணம்.

ப்ராஜெக்ட்: படிப்பின் பெரிய பங்கு

ஏ.ஐ.சி.டி.இ.யின் 2018 மாதிரிப் பாடத்திட்டத்தில் மொத்தம் 68 கிரெடிட், அதில் 26 ஆய்வேட்டுக்கு. இவ்வளவு எடையுள்ள ஒன்றைக் கடைசி மூன்று மாதத்தில் செய்ய முடியாது.

நாடெங்கும் ஸ்ட்ரக்சுரல் மாணவர்கள் செய்யும் ஒரு தலைப்பு இருக்கிறது: பத்து மாடிக் கட்டடத்தை மண்டலம் 2, 3, 4, 5இல் ஈடாப்ஸ் வைத்து ஒப்பிடுதல். கல்லூரிப் பட்டியலில் இது நிறைய இருந்தால் யோசியுங்கள். மண்டலக் கெழுக்கள் 0.10, 0.16, 0.24, 0.36. மற்றவை மாறாதபோது விசை இந்தக் கெழுவுக்கு நேர்விகிதம். ஆகவே மண்டலம் 5இல் வரும் விசை மண்டலம் 2இல் வருவதைப்போல் 3.6 மடங்கு என்பது கணினியைத் திறக்கும் முன்பே தெரியும். ஆறு மாதம் உழைத்து நான்கு பட்டை உள்ள வரைபடம் போட்டால், புதிதாக எதையும் கண்டதாக ஆகாது. நேர்காணலில் இதைச் சொன்னதும் எதிரே இருப்பவர் பேச்சை மாற்றிவிடுவார்.

நல்ல தலைப்புக்கு இரண்டு இலக்கணம் போதும். நீங்களே போய் அளந்த எண் ஒன்றாவது அதில் இருக்க வேண்டும். விடை என்னவாகும் என்று தொடங்கும்போது தெரியக்கூடாது.

பெங்களூரில் அதற்குப் பஞ்சமே இல்லை. இங்கே ராஜகாலுவே என்று சொல்லும் பெரிய மழைநீர்க் கால்வாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். 50 ஹெக்டேர் பரப்பு வடியும் ஒரு கிளைக் கால்வாய், பெய்த மழையில் கால்வாய்க்கு ஓடிவரும் பங்கைச் சொல்லும் வழிந்தோடும் கெழு 0.8, மணிக்கு 60 மி.மீ. மழை. மூன்றையும் பெருக்கி 360ஆல் வகுத்தால் விநாடிக்கு 6.67 கன மீட்டர் நீர் வருகிறது. 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் நீராழம், 500க்கு 1 சரிவு, கான்கிரீட் கரடுத்தன்மை 0.015 என்றால் மானிங் சமன்பாட்டின்படி கால்வாய் தாங்குவது 6.36. சுத்தமாக இருக்கும்போதே சற்றுக் குறைவு. இப்போது 40 செ.மீ. வண்டல் படிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஆழத்தில் போனது கால்வாசிக்குச் சற்றே மேல், ஆனால் கொள்திறன் 4.26ஆக, மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. வண்டலும் குப்பையும் கரடுத்தன்மையை 0.020ஆக்கினால் 3.2, அதாவது பாதி. மழை அதே மழைதான், தெரு மூழ்குவது இதனால்தான். இதை ஓர் உண்மையான கால்வாயில் மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவி வைத்து 20 மீட்டருக்கு ஒரு முறை அடிமட்டமும் வண்டல் மட்டமும் எடுத்து, மழைநீர் ஓட்டத்தைக் கணக்கிடும், இலவசமாகக் கிடைக்கும் ஸ்வம் மென்பொருளில் ஏற்றினால், அது எந்த அலுவலகத்திலும் மேசையில் வைத்துப் பேசக்கூடிய வேலை.

இதில் என்னென்ன கெடும் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். முதலில் மழைத் தரவு. நாள் மொத்த மழை போதாது, 15 நிமிட அளவு வேண்டும். கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையத்துக்கு நகரெங்கும் தானியங்கி மழைமானிகள் உள்ளன. கல்லூரி முதல்வரின் கையெழுத்துள்ள கடிதத்தோடு, எந்த நிலையம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். "எல்லாத் தரவும் வேண்டும்" என்ற கடிதம் நகராது. அடுத்து கால்வாய் வரைபடம். 2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சியான பி.பி.எம்.பி. போய், கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. உங்கள் கால்வாய் யார் எல்லையில் வருகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், முடிந்தால் கன்னடத்தில். மூன்றாவது, அளவெடுப்பை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரல், மே மாலை மழை வந்துவிட்டால் கால்வாய்க்குள் இறங்குவது ஆபத்து. வெயில் அடிக்கும் நாளிலும் தனியாக இறங்க வேண்டாம். மேல்பகுதியில் பெய்த மழை உங்கள் இடத்துக்கு எச்சரிக்கை இல்லாமல் வரும், மூடிய பகுதிகளில் விஷவாயு தங்கும். கரையில் ஒருவர் நிற்காமல் அளவெடுப்பு இல்லை.

கட்டுமான மேலாண்மை எடுத்தவர்கள் ஒரு சைட்டில் ஆறு மாதம் ஸ்லாப் சுழற்சியைப் பதியலாம்: சென்ட்ரிங், கம்பி, கான்கிரீட், சென்ட்ரிங் பிரிப்பு ஒவ்வொன்றும் திட்டத்தில் எத்தனை நாள், நடந்தது எத்தனை நாள், தாமதம் ஆளாலா, பொருளாலா, ஒப்புதலாலா. திட்டமிடல் மென்பொருளான பிரைமவேராவில் அழகான பட்டை வரைவதைவிட இந்தப் பதிவேடு மதிப்புள்ளது. சென்ட்ரிங் குழுவோடு தமிழிலேயே பேசிவிடலாம் என்றாலும் கம்பிக் குழு பெரும்பாலும் இந்தி பேசும். அவர்களிடம் கேட்காமல் சூப்பர்வைசர் சொன்னதை மட்டும் எழுதினால், தாமதக் காரணம் எல்லாம் "ஆள் பற்றாக்குறை" என்றே வரும்.

முடிக்கும்போது

ஸ்ட்ரக்சுரல் முடித்தவர்களுக்கு ஒரு நேரடிப் பயன் உண்டு. கட்டட அனுமதிக்குக் கையெழுத்திடும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 3 ஆண்டு அனுபவம் கேட்கிறது. அந்தத் துறையில் முதுநிலைப் பட்டம் இருந்தால் அது 2 ஆண்டாகும். பதிவு உள்ளாட்சி அமைப்பில் நடப்பது, அவர்கள் தனி விதி வைத்திருப்பார்கள். ஆகவே பட்டம் வாங்கிய நாளிலிருந்து செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் திட்டத்தின் பெயர், பரப்பு, உங்கள் பங்கு, மேலதிகாரியின் கையெழுத்து என்று ஒரு பதிவு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாஸ்டலையோ ரூமையோ காலி செய்யும் முன், தற்காலிகப் பட்டச் சான்று, எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், டி.சி., மைக்ரேஷன், பாடத்திட்டத்தின் முத்திரையிட்ட நகல் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். டிரான்ஸ்கிரிப்ட்டை மூடி முத்திரையிட்ட உறையில் குறைந்தது ஐந்து செட் கேளுங்கள், பிறகு வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு ஒவ்வொன்றாக வாங்கினால் ஒவ்வொரு முறையும் ஒரு பயணம். ப்ராஜெக்ட்டின் மூல அளவீட்டுத் தாள்களையும் மாடல் கோப்புகளையும் இரண்டு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். கல்லூரிக் கணினியில் விட்டுவந்த கோப்பு அடுத்த செமஸ்டரில் அழிந்துவிடும்.